கள்ளுக்கு யாராவது ஐஸ் போட்டார்களா?

திருகோணமலை
ஞாயிறு பின்னேரம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கச்சான் காற்று தொடங்கிவிட்டது, மத்தியானத்தில் வீட்டுக்குள் இருக்கவும் முடியாது, வெளியே போகவும் முடியாது, பொழுது சாய்ந்து டச்பே கரையில் கொஞ்ச நேரம் இருந்தால்தான் உடம்பு ஆறுகிறது. அம்மாவின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது, இப்போது பேப்பரைத் தானே வாசிக்கிறா. உன்னைத்தான் அடிக்கடி விசாரிக்கிறா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீயே காய்ச்சிப் புளிக்கவைத்த ஏல் என்ற அந்த ஆங்கிலேயப் பியரை மகனின் பிறந்தநாளுக்குப் பரிமாறியதையும், நம் ஆட்கள் ஒரு மிடறு குடித்துவிட்டு "என்ன இது, சூடா இருக்கு, காஸும் இல்லை" என்று முகம் சுளித்ததையும், ஒருவர் கிளாசுக்குள் ஐஸ் கட்டி போட்டதையும் எழுதியிருந்தாய். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இனிமேல் பீப்பா வேண்டாம், பியருக்குக் காஸ் ஏற்றும் சிலிண்டரும் குளிரூட்டும் பெட்டியும் வாங்கப்போகிறேன் என்று கடைசி வரியில் எழுதினாய் பார், அதை வாசித்ததில் இருந்து எனக்கு மனம் சரியில்லை. தயவுசெய்து அவசரப்படாதே.

நம் ஊரில் கள்ளுக்கு யாராவது ஐஸ் போட்டுக் குடித்து நீ பார்த்திருக்கிறாயா? அம்மா அப்பத்துக்கு மா கரைக்கும் நாளில் நம் இரண்டு பேரையும்தானே கள்ளு வாங்க அனுப்புவா. காலையிலேயே போய் நிற்போம். கள்ளு இறக்குபவர் இறக்கிய முட்டியில் இருந்து வடியில் ஊற்றுவார், தேனீயும் பாளைத் தூசியும் வடியில் தங்கும், வெள்ளை நுரை போத்தல் வாய்வரை வரும். பிறகு தக்கையால் இறுக்கி மூடமாட்டார். ஓலையைச் சுருட்டி, அளவாக, தளர்வாகச் செருகித் தருவார். வீடு வரும்வரை அந்தச் சுருளுக்கால் இஸ் இஸ் என்று காற்று போய்க்கொண்டே இருக்கும், நீ போத்தலைக் காதில் வைத்துக்கொண்டு நடப்பாய்.

போன ஐப்பசியில் இங்கிலாந்தில், கென்ட்டில் உன் கராஜில் நின்றபோது எனக்கு அந்த ஓலைச் சுருள்தான் நினைவுக்கு வந்தது, அன்றைக்கு அதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பீப்பாவைப் படுக்கவைத்து, மேல் அடைப்பில் மென்மையான மர ஆப்பு ஒன்றை நீ சுத்தியலால் தட்டி இறக்கினாய். மரத்தின் துளைகள் வழியாக நுரை சின்னக் குமிழ்களாக வெளியே வந்தது. நீ துடைக்கத் துடைக்க மறுபடி வந்தது. நுரை அடங்கிய பிறகு அந்த ஆப்பைக் கழற்றிவிட்டுக் கடினமான ஆப்பு வைத்தாய். ஓலைச் சுருள் செய்த அதே வேலை. உள்ளே புளிக்கவைக்கும் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது, அது மூச்சு விடவேண்டும், ஆனால் மூச்சு முழுவதும் போய்விடவும் கூடாது. அதை ஆறு வயதிலேயே போத்தலில் காது வைத்துக் கேட்டவன் நீ.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்ததும் நீதான். அங்கே பெரிய ஆலைகள் வடிகட்டி, சூடாக்கி, காஸ் ஏற்றிய பியரையே எல்லா இடமும் தள்ளிக்கொண்டு வந்தபோது, நாலு பேர் சேர்ந்து 1971இல் கம்ரா என்ற இயக்கத்தைத் தொடங்கி, பீப்பாவுக்குள்ளேயே கடைசிப் புளிப்பு நடக்கும் ஏலைக் காப்பாற்றப் போராடிய கதையை எவ்வளவு ஆசையாகச் சொன்னாய். அவர்கள் எதிர்த்த அதே சிலிண்டரை நீ ஏன் கராஜுக்குள் கொண்டுவர வேண்டும்?

சூடு என்று சொன்னவர்களைப் பற்றி. உன் ஏல் 12 பாகையில் இருந்தது, நான் வெப்பமானியைப் பார்த்தேன். நம் மண்பானைத் தண்ணீரைவிடக் குளிர். அவர்கள் பழகியது லாகர் பியர், அது ஐஸ் குளிரில் குடிக்கும் சாமான். இங்கே 35 பாகை வெயிலில் ஒரு போத்தல் லயன் லாகர் குளிராக வந்தால் நானும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் லாகரின் ஈஸ்ட் குளிரில் அடியில் கிடந்து மெல்ல வேலை செய்வது, நுவரெலியாவில் வெள்ளைக்காரர் பியர் ஆலை வைத்ததும் அந்த மலைக் குளிரையும் ஊற்றுத் தண்ணீரையும் நம்பித்தான். ஏல் ஈஸ்ட் 18இல் இருந்து 22 பாகைக்குள் மேலே நுரைத்து வேலை செய்யும், அப்போது பழ வாசம் ஒன்றைக் கொடுக்கும். அந்த வாசம் மூக்குக்கு வரவேண்டும் என்றால் 11, 13 பாகையில் கொடுத்தாக வேண்டும். ஐஸ் போட்டால் நாக்கு மரத்துப்போகும், வாசமும் எழும்பாது, கசப்பு மட்டும் மிஞ்சும். பிறகு நல்லாயில்லை என்று சொல்வார்கள், அதில் ஆச்சரியம் என்ன?

என் பக்கத்துச் சேதி. நான் இஞ்சிப் பியர் செய்யத் தொடங்கியிருக்கிறேன். அங்கே 1963இலேயே வீட்டில் பியர் காய்ச்ச லைசென்ஸ் தேவையில்லை என்று ஆக்கிவிட்டார்கள், இங்கே லைசென்ஸ் இல்லாமல் மதுவுக்குக் கை வைத்தால் குற்றம், அதனால் இதோடு நிற்கிறேன். தோல் சீவாத இஞ்சியை நறுக்கி, ஒரு போத்தலில் தண்ணீரோடு போட்டு, நாளுக்கு இரண்டு தேக்கரண்டி இஞ்சியும் இரண்டு தேக்கரண்டி சீனியும் போட்டுக்கொண்டே வந்தேன். ஈஸ்ட் அந்தத் தோலில்தான் இருக்கிறது. இந்த வெக்கைக்கு மூன்றாம் நாளே பொங்கத் தொடங்கிவிட்டது. பிறகு 4 லீட்டர் தண்ணீருக்கு 150 கிராம் இடித்த இஞ்சி, 400 கிராம் சீனி, நாலு தேசிக்காய்ப் புளி. கொதிக்கவைத்து, நன்றாக ஆறவிட்டு, போத்தலில் பொங்கிய அந்த இஞ்சித் தண்ணீரில் ஒரு கோப்பை விட்டேன். குழாய்த் தண்ணீர் என்றால் முதல் நாள் இரவே திறந்து வைக்கவேண்டும், குளோரின் இருந்தால் ஈஸ்ட் சோர்ந்துவிடும்.

முதல் தடவை கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, மூடியை இறுக்கி, குசினி மூலையில் வைத்தேன். மூன்றாம் நாள் இரவு இரண்டு மணிக்கு வெடித்தது. ஒன்று வெடித்ததில் பக்கத்துப் போத்தலும் போய், கண்ணாடித் துண்டு கதவில் குத்தி நின்றது. யாரும் குசினியில் இல்லாதது கடவுள் செயல். விடியும்வரை எனக்கு நித்திரையே வரவில்லை. ஓலைச் சுருளைப் பார்த்து வளர்ந்தவன் நான், உன் ஆப்பையும் பார்த்தவன், அப்படியிருந்தும் இறுக்கி மூடினேன். உன் கராஜில் 18 பாகையில் பல நாள் ஓடும் வேலை என் குசினியில் 31 பாகையில் ஒன்றரை நாளில் முடிந்துவிடுகிறது என்பதை அன்றுதான் உண்மையாக விளங்கிக்கொண்டேன். இப்போது பிளாஸ்டிக் போத்தல்தான். காலையும் மாலையும் இரண்டு விரலால் அமுக்கிப் பார்ப்பேன், அமுங்க மறுத்தால் உடனே பிரிட்ஜுக்குள் வைத்துவிடுவேன்.

இன்னொன்று, நீ கேட்டாய் அல்லவா, இந்தச் சூட்டில் ஏலே செய்யமுடியாதா என்று. சாதாரண ஏல் ஈஸ்ட் 30 பாகையைத் தாண்டினால் பெயின்ட் தின்னர் மணம் வந்துவிடும். ஆனால் நோர்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் குவெய்க் என்ற ஈஸ்ட் 35, 40 பாகையிலும் சுத்தமாக வேலை செய்யுமாம், மர வளையத்தில் காயவைத்து அடுத்த தடவைக்கு எடுத்து வைப்பார்களாம். அவ்வளவு குளிர் நாட்டில் நம் வெயிலுக்கு ஏற்ற ஈஸ்ட்! நீ ஒருமுறை செய்து பார்த்து எனக்கு எழுது.

இனி அடுத்த விருந்துக்கு நான் சொல்வதைக் கேள். பீப்பாவை இரண்டு நாளுக்கு முன்பே வைத்த இடத்தில் வைத்து அசைக்காமல் விடு, மண்டி கீழே இறங்கட்டும். போன தடவை காலையில்தான் தூக்கி வந்தேன் என்று எழுதியிருக்கிறாய், கலங்கலாக வந்ததற்கு அதுதான் காரணம். பீப்பாவின் வாயைத் திறந்துவிட்டால் உள்ளே காற்றுப் போகும், மூன்று நாளுக்குள் முடித்துவிடவேண்டும். அவ்வளவு பேர் வராவிட்டால் சுருங்கும் பை உள்ள பொலிபின்னில் எடு, ஊற்ற ஊற்றப் பை சுருங்குமே தவிரக் காற்று போகாது. பெரிய கிளாசில் நிரப்பிக் கையில் திணிக்காதே. தவறணையில் முதல் ஓலைப் பிளாவை எப்படி நீட்டுவார்கள், கொஞ்சமாகத்தானே? சின்னக் கிளாசில் கால்வாசி ஊற்றி, மணந்து பார்க்கச் சொல், எப்படிச் செய்தாய் என்று இரண்டு வார்த்தை சொல். நம் ஆட்களுக்குக் கள்ளு என்று சொல்லிக் கொடுத்தால் ஒருவரும் ஐஸ் கேட்கமாட்டார்கள். சாப்பாட்டில் கணவாய்ப் பிரட்டல் இருந்தால் கசப்புக் கொடுக்கும் ஹொப்ஸ் குறைந்த, முளைவிட்ட தானியமான மோல்டின் இனிப்பு உள்ள ஏலை வை, கசப்பு ஏறினால் உறைப்பும் கூட ஏறும். லாகர்தான் வேண்டும் என்பவருக்கு பிரிட்ஜில் நாலு போத்தல் இருக்கட்டும், அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஆவணியில் வருவதாக எழுதியிருக்கிறாய். வரும்போது காஸை வெளியே மட்டும் விடும் அந்தத் தண்ணீர்ப் பூட்டு மூடி இரண்டும், உன்னிடம் இருப்பது போன்ற நீட்டு வெப்பமானி ஒன்றும் கொண்டுவா, இங்கே தேடிப் பார்த்துவிட்டேன். வந்த அடுத்த நாள் காலையிலேயே கள்ளுக்குப் போவோம், அம்மா அப்பத்துக்கு மா கரைத்து வைப்பதாகச் சொல்லிவிட்டா. சிலிண்டருக்குக் காசு கட்டிவிட்டாயா இல்லையா என்பதை மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி