குளிர்காலத்து ஒழுங்கை

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கோபத்தோடுதான் போனை வைத்தாய். "அறுபத்திரண்டு வயதில், மைனஸ் பதினெட்டில், யாரோ பனியில் ஸ்கீடூ வண்டி ஓட நீங்கள் ஏன் இரவிரவாகப் பாதை போட வேண்டும் அப்பா?" என்று கேட்டாய். போனில் எனக்குப் பதில் சரியாக வரவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

கனடாவில், ஒன்டாரியோவின் ஓவன் சவுண்ட் நகரத்துக்குத் தெற்கே இந்த ஊரில் நாங்கள் பெற்றோல் நிலையத்தை எடுத்தபோது நீ நாலாம் வகுப்பு. ஜனவரியில் இங்கே யார் வரப்போகிறார்கள் என்று அம்மா அழுதது உனக்கு நினைவிருக்குமோ தெரியாது. ஒரு சனிக்கிழமை காலை, தெருப்பக்கத்தால் இல்லாமல் கடையின் பின்பக்கத்தால் பதினொரு ஸ்கீடூ வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. பெற்றோல் அடித்தார்கள், கோப்பி குடித்தார்கள், இருந்த சூப் முழுவதையும் முடித்துவிட்டுப் போனார்கள். நீ படித்த படிப்பில் ஒரு பங்கு அந்தப் பின்பக்கத்தால் வந்த காசுதான் பிள்ளை.

அந்தப் பாதையை அரசாங்கம் போட்டிருக்கும் என்றே நான் நினைத்திருந்தேன். இரண்டாம் வருஷம் நானும் ஒரு பழைய ஸ்கீடூ வாங்கினேன். ஒருநாள் பாதை சுற்றிப் போகிறதே என்று ஒரு வயலுக்குக் குறுக்காக ஓடிவிட்டேன். பனி மூடிய வெறும் நிலம் என்றுதான் எண்ணினேன். அடுத்த நாள், பாதையைப் பார்க்கிற ஊர் ஸ்கீடூ கிளப்பின் தலைவர் கடைக்கு வந்தார். ஏசவில்லை. "என்னோடு வா" என்று அந்த விவசாயியிடம் கூட்டிக்கொண்டு போனார்.

அந்த மனுஷன் குந்தியிருந்து, கையுறையைக் கழற்றி, வெறுங்கையால் பனியை விலக்கிக் காட்டினார். அடியில் விரல் நீளத்துக்குப் பச்சைப் பசேலென்று கோதுமைப் பயிர். இலையுதிர் காலத்தில் விதைத்து, பனியைப் போர்வையாக மூடிக் கிடந்து, ஜூலையில் அறுவடைக்கு வருகிற பயிர். பிறகு நான் ஓடிய தடத்துக்கு வந்து அங்கேயும் விலக்கப் பார்த்தார். முடியவில்லை. பனி இறுகி ஐஸாகிக் கிடந்தது. போர்வை போனால் பயிர் குளிரில் செத்துவிடும் என்றார். "நான் கிளப்புக்குச் சொன்ன சரி, பாதைக்கு அடையாளமாக நட்ட கம்புகளுக்கு உள்ளே மட்டும்தான்." அவ்வளவுதான் சொன்னார்.

அவர் அன்றைக்கு மாட்டேன் என்று சொல்லியிருந்தால் எங்கள் ஊருக்கு வரும் பாதையே அறுந்திருக்கும். எங்கள் பக்கத்துப் பாதை பெரும்பாலும் இப்படித் தனியார் காணிகளுக்கு ஊடாகத்தான் போகிறது. வாடகை கிடையாது. கிளப் காப்புறுதி எடுத்து வைத்திருக்கும், மற்றப்படி எல்லாம் நம்பிக்கைதான். ஒன்டாரியோவில் 30,000 கிலோமீட்டர் அளவுக்கு இப்படிப் பாதைகள் இருக்கின்றன, உள்ளூர்க் கிளப்புகள்தான் அவற்றைப் பார்க்கின்றன. 2001 முதல் அவற்றில் ஓடப் பெர்மிட் கட்டாயம். அந்தக் காசு டீசலுக்கும் இயந்திரப் பழுதுக்கும் போகிறது.

அங்கே எங்கள் சொந்த ஊரில் உன் அப்பப்பாவும் பக்கத்து வளவுக்காரரும் பத்து வருஷம் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஒரு பூவரசங் கதியால் ஒரு சாண் தள்ளி நட்டதற்காக. அந்த வேலிச் சண்டைக்கு நடுவில் வளர்ந்தவன் நான். இங்கே ஒருவர் தன் காணிக்கு நடுவால், முன்பின் தெரியாதவர்கள் போகவென்று ஒழுங்கை விடுகிறார். அன்று வீட்டுக்கு வந்து எனக்கு நித்திரை வரவில்லை. அடுத்த கிழமை கிளப்பில் சேர்ந்தேன்.

பாதையை மட்டப்படுத்துகிற குரூமர் இயந்திரம் ஓட்ட முறையாகப் பயிற்சி எடுத்திருக்கிறேன், பயப்படாதே. உள்ளே ஹீட்டர் இருக்கிறது, ரேடியோ இருக்கிறது, எங்கள் பகுதியில் ஏரியைக் கடக்கிற இடமும் இல்லை. பெரிய டிராக்டரின் பின்னால் ஒரு நீண்ட இரும்புச் சட்டம் இழுபடும். அதில் வரிசையாகச் சீவும் அலகுகள். பகல் முழுக்க வண்டிகள் ஓடி உண்டான மேடுகளை அவை சீவி எடுக்கும். சீவிய பனி சட்டத்துக்குள்ளே உருண்டு புரண்டு தூளாகி, கடைசியில் உள்ள தட்டுக்கு அடியில் அமுங்கி வெளியே வரும். உழுத வயலைப் பலகை போட்டு மட்டப்படுத்துவது மாதிரி. வேகமாகப் போனால் வேலை சரிவராது. ஏன் இரவில் என்றால், போட்ட பாதை இறுகுவதற்குக் குளிரும் சில மணி நேரமும் வேண்டும், அதுவரை யாரும் அதில் ஓடக்கூடாது. விடிய நாலு மணிக்குத் திரும்பிப் பார்த்தால், பின்விளக்கு வெளிச்சத்தில் கோடு கோடாக, புதிதாகப் பின்னிய பாய் மாதிரிக் கிடக்கும்.

டிசம்பரில் சதுப்பு நிலத்தை மிதித்து இறுக்குகிற வேலைதான் உண்மையில் கஷ்டம். மெத்தென்ற பனி மேலே கிடந்தால் கீழே சேறு உறையாது. சின்ன வண்டிகளில் திரும்பத் திரும்பப் போய் அமுக்கி, குளிரைக் கீழே இறக்க வேண்டும். 2023-24 குளிர்காலத்தில் அதுவும் பலிக்கவில்லை. பனியே பிடிக்கவில்லை. பாதை சில நாள்தான் திறந்தது, கடை எப்படிக் கிடந்தது என்று அம்மாவைக் கேள்.

அந்த விவசாயி போன ஆவணியில் தவறிவிட்டார். காணி இப்போது அவருடைய மகளிடம். இந்த வருஷம் மட்டும் ஓடுங்கள், பிறகு யோசிப்போம் என்று சொல்லியிருக்கிறா. அவவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, காணி அவவுடையது.

மார்ச் கடைசியில் வருவதாகச் சொன்னாய். அதற்குள் பாதை மூடியிருக்கும். நட்ட கம்புகளை எல்லாம் அவவின் டிராக்டர் வயலில் இறங்குவதற்கு முன் பிடுங்கிவிட வேண்டும், அது அவவின் அப்பாவுக்கு நாங்கள் கொடுத்த வாக்கு. கம்பு பிடுங்குகிற சனிக்கிழமை அவவும் அங்கே நிற்பா. அந்தக் கோதுமையைப் பற்றி, அவவின் அப்பா எனக்குப் பனியை விலக்கிக் காட்டியதைப் பற்றி, நான் அவவுக்குச் சொல்ல வேண்டும். என் இங்கிலீஷில் அது முழுதாக வராது. நீ பக்கத்தில் நின்றால் நல்லது.

உன் பழைய பூட்ஸ் கராஜில்தான் இருக்கிறது. அம்மா எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறா.

அன்புடன்,
அப்பா