ஈடி செட்ஜ்விக் ‘தலைகாட்டினார்’ என்ற சொல் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ஓவியரும் திரைப்பட இயக்குநருமான ஆன்டி வார்ஹோல் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில், “பணக்கார வீட்டுப் பெண்ணான ஈடி செட்ஜ்விக் அவருடைய சில படங்களில் தலைகாட்டினார்” என்று ஒரு வரி வருகிறது. அதைப் படித்த பிறகு கட்டுரையின் மீதியில் எனக்கு மனம் செல்லவில்லை. கல்யாண வீட்டுக்குப் போய் மொய் எழுதிவிட்டுத் திரும்புகிறவரைத்தான் தலைகாட்டினார் என்போம். 1965இல் படத்துக்குப் படம் அந்தக் கேமராவின் எதிரே உட்கார்ந்த ஒருவருக்கு இச்சொல் தகுமா என்பதைத் தாங்களே சொல்ல வேண்டும்.

வார்ஹோல் பயன்படுத்திய ஆரிகான் கேமராவில் 1,200 அடி நீளமுள்ள 16 எம்.எம். பிலிம் சுருள் 33 நிமிடம் ஓடும் என்பது தாங்கள் அறியாததல்ல. நடுவில் ‘கட்’ சொல்ல ஆளில்லாததால், சுருள் தீரும்வரை முகத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ‘வினைல்’ படத்தில் ஈடிக்கு வசனமே கிடையாது. ஆண்கள் கூட்டத்தில் ஒரு பெட்டியின் மேல் அமர்ந்து சிகரெட் புகைக்கிறார், அவ்வளவுதான், ஆனாலும் பார்ப்பவர் கண் அவரை விட்டு நகர மறுக்கிறது. ‘கிச்சன்’ படத்தில், ரொனால்ட் டாவெல் எழுதிய வசனம் மறந்துபோனால் தும்ம வேண்டும் என்று ஏற்பாடு. அந்தத் தும்மலையும் நடிப்பாக்கியவர் அவர். ‘பியூட்டி நம்பர் 2’ படத்தில் திரைக்கு வெளியிலிருந்து நண்பர் சக் வைனின் குரல் அவரைச் சீண்டிக்கொண்டே இருக்க, சிரிப்பு எரிச்சலாகி, எரிச்சல் காயமாவது அவர் முகத்தில் தெரிகிறது.

முப்பத்தோரு ஆண்டுகள் போட்டோ ஸ்டுடியோ நடத்தியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவர்கூட மூன்று விநாடிக்குமேல் லென்ஸைப் பார்க்க முடியாமல் சட்டைக் காலரைத் தொடுவார், இல்லையென்றால் கண்ணைத் தாழ்த்திக்கொள்வார். எத்தனை அழகானவரானாலும் இப்படித்தான்.

மகள் வீட்டில் தங்கியிருந்தபோது நியூயார்க்கில் ஓர் அரங்கில் ஈடி நடித்த ‘புவர் லிட்டில் ரிச் கேர்ள்’ பார்த்தேன். லென்ஸ் கோளாறால் மங்கலாகப் பதிவான சுருளை வார்ஹோல் எறிந்துவிடாமல் படத்தின் முதல் பாதியாகவே வைத்துக்கொண்டார். என் பின்வரிசைக்காரர் இருமுறை எழுந்துபோய் ஆபரேட்டரிடம் முறையிட்டுவிட்டு வந்தார். இரண்டாம் சுருளில் முகம் தெளிவாக வந்தபோது அவரும் அசையாமல் உட்கார்ந்துவிட்டார். தன் பங்குக்கு வந்த சொத்து கரைந்த கதையைச் சொல்லும் அந்தப் பெண்ணின் கண்களில் கேமராவைப் பற்றிய கூச்சம் சிறிதும் இல்லை. என் ஸ்டுடியோ நாற்காலியில் அப்படி ஒருவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

தங்கள் இதழுக்கு இது புதிதல்ல என்பதுதான் என் வருத்தம். மூன்று ஆண்டுகளுக்கு முன் வந்த குறிப்பில், 1971 நவம்பரில், 28 வயதில், தூக்க மாத்திரையால் ஈடி இறந்ததற்கு நான்கு பத்திகளும் அவருடைய படங்களுக்கு அரை வரியும் ஒதுக்கி, புகைப்படத்தின் கீழே ‘பார்ட்டி அழகி’ என்று போட்டிருந்தீர்கள். அப்போது நான் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. நம் ஊர் நடிகைகளுக்கு எழுதப்படும் அஞ்சலிகளிலும் வேடங்களுக்கு முன்னால் முறிந்த மணங்கள்தான் வரிசைகட்டி நிற்கின்றன. செல்வந்தர் வீட்டு ஆண் கலைக்கு வந்தால் ‘வசதியைத் துறந்தவர்’ என்கிறோம்; பெண் வந்தால் ‘பொழுதுபோகாமல் வந்தவர்’ என்கிறோம். இதைத் தங்களைப் போன்றவர்களே எழுதும்போது மனம் நோகிறது.

கட்டுரையில் ‘சியாவ்! மன்ஹாட்டன்’ வார்ஹோலின் படம் என்று அச்சாகியிருக்கிறது. அதை இயக்கியவர்கள் ஜான் பால்மரும் டேவிட் வைஸ்மனும். ஈடி மறைந்த பிறகு, 1972இல் அது வெளிவந்தது. இந்தத் திருத்தத்தையும், ‘தலைகாட்டினார்’ என்பதை ‘நடித்தார்’ என்று படிக்கும்படி ஒரு வரியையும் அடுத்த இதழில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். என் முகவரி எழுதிய அஞ்சலட்டை ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். வெளியிட இயலாதென்றால் அதையாவது தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் சந்தாதாரர்,
மயிலாடுதுறை