வாசலில் நிற்கிறவர்களுக்கு முதலில் சொல்லுங்கள்

கர்த்தருக்குள் அன்பான போதகர்களுக்கும் சபை நிர்வாகக் குழுவினருக்கும்,

ஆராதனை நாளில் வாசலில் நின்று, வருகிறவர்களுக்கு இருக்கை காட்டும் அஷர்கள் எழுதுகிறோம். எங்கள் வேண்டுதல் ஒன்றுதான்: ஆராதனையில் எதற்கு அடுத்து எது என்ற முறையை முந்தின நாளே எங்கள் கையில் கொடுத்துவிடுங்கள். வாசலில் வரும் குழப்பம் பெரும்பாலும் அடுத்து என்ன என்பது எங்களுக்குத் தெரியாமல் போவதால் வருகிறது.

தாமதமாக வருகிறவர்களையே பாருங்கள். ஜெபத்திலும் வேதவாசிப்பிலும் கதவைத் திறக்கக் கூடாது. சபை எழுந்து பாடும்போது திறக்கலாம். எல்லோரும் நிற்கையில் பத்துப் பேர் நடந்து போனாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் பாட்டுக்கு அடுத்தது ஜெபம் என்று தெரிந்தால்தான் கடைசிச் சரணத்துக்கு முன்பே கதவைச் சாத்த முடியும். தெரியாதபோது, உள்ளே விட்டவர்கள் பாதி வழியில் இருக்கையிலேயே "கண்களை மூடி ஜெபிப்போம்" என்று ஒலிபெருக்கியில் கேட்டுவிடும். கையில் குழந்தையோடு வந்த தாய், இருக்கை தேடித் தலையைத் திருப்பவும் கூசி, நின்ற இடத்திலேயே நிற்பார். முதல்முறை வந்தவரானால் அடுத்த வாரம் வரத் தயங்குவார்.

பின்னால் இரண்டு வரிசைகளுக்குக் கயிறு கட்டி வைப்பது தாமதமாக வரும் இவர்களுக்காகத்தான். தயவுசெய்து நிர்வாகக் குழுவினர் அந்தக் கயிற்றை அவிழ்த்து உட்கார வேண்டாம்; ஒருவர் உட்கார்ந்தால் வரிசையே நிரம்பிவிடும். முன்வரிசையைப் பிரமுகர்களுக்கு ஒதுக்கச் சொல்வதையும் நிறுத்துங்கள். பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடம் காட்டுவதை யாக்கோபு நிருபம் 2ஆம் அதிகாரம் வெளிப்படையாகவே கண்டிக்கிறது. சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு வரிசை ஓரத்தில் ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு இடம் ஒதுக்க அனுமதி கொடுங்கள். அதுதான் தேவையான ஒதுக்கீடு.

கூட்டம் மிகுந்த நாளில் நடைபாதையில் கூடுதல் நாற்காலி போடச் சொல்கிறீர்கள். அதை மட்டும் எங்களால் செய்ய முடியாது. யாராவது மயங்கி விழுந்தால் அவரைத் தூக்கிக்கொண்டு போகும் வழி அது. தீப்பற்றினால் எல்லோரும் வெளியேறும் வழியும் அதுதான். பக்கக் கதவுகளும் ஆராதனை முடியும்வரை பூட்டப்படாமல் இருக்க வேண்டும்.

அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து நாளில் கணக்கு முக்கியம். பீடத்தின் முன் ஒரு தடவைக்கு 12 பேர் முழங்காற்படியிடலாம் என்றால் 300 பேருக்கு 25 தடவை. ஒரு தடவைக்கு 2 நிமிடம் பிடித்தாலும் 50 நிமிடம். ஒரே நேரத்தில் நான்கு வரிசையை எழுப்பினால் முதியவர்கள் கால் கடுக்க நிற்பார்கள். அதனால் 12 பேர் முழங்காலில் இருக்கையில் அடுத்த 12 பேர் மட்டும் நடுப்பாதையில் நிற்கட்டும். திரும்புவது ஓரப்பாதையில், வந்த வழியே திரும்பினால் இரண்டு கூட்டமும் முட்டிக்கொள்ளும். எழுந்து வர இயலாதவர்கள் எத்தனை பேர், எந்த வரிசை என்பதைத் தொடங்குமுன் போதகருக்குச் சீட்டில் எழுதித் தருவோம். அதைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

காணிக்கைப் பையை வரிசையின் இரு முனையிலும் ஒவ்வொருவர் நின்று வாங்க வேண்டும். ஒரே ஆள் போதும் என்று சில நிர்வாகக் குழுக்கள் சொல்கின்றன, போதாது. மறுமுனையில் வாங்க ஆளில்லாமல் பை அங்கேயே கிடந்துவிடும். எண்ணும்போது ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் உட்கார்ந்து, இருவரும் கையெழுத்திட வேண்டும். இது சந்தேகத்தால் சொல்வதல்ல, எண்ணுகிறவரின் நற்பெயருக்கு இதுதான் காவல்.

கடைசியாக, எந்த வாரம் யார் வாசலில் நிற்பது என்ற முறைப்பட்டியல். 1 நாளாகமம் 9ஆம் அதிகாரம் வாசல்காவலர் 212 பேர் என்று எண்ணிச் சொல்கிறது. கிராமங்களிலிருந்த அவர்கள் சகோதரர் ஏழு நாளுக்கு ஒருமுறை மாறிமாறி வந்ததையும் சொல்கிறது. நம் சபைகளிலோ அதே நான்கு பேர் வருடம் முழுவதும் பிரசங்கத்தைக் கதவுக்கு வெளியே நின்று பாதி பாதியாகக் கேட்கிறார்கள். மாதத்துக்கு ஒரு வாரம் என்று நான்கு குழுவாகப் பிரித்துவிடுங்கள். புதிதாகச் சேர்கிறவரை முதல் இரண்டு முறை பழகினவரோடு நிறுத்துங்கள், கதவில் தனியாக விட வேண்டாம்.

முந்தின நாள் தரும் தாளில் பாட்டு எண்கள், ஜெபங்கள் வரும் இடம், காணிக்கை எடுக்கும் நேரம், திருவிருந்து உண்டா இல்லையா, இவ்வளவு இருந்தால் போதும்.

கர்த்தருடைய பணியில்,
வாசல் ஊழியர்கள்