எஃப்1 அழுத்தினால் உதவி வர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கம்பத்தில் ஏலக்காய்க் கடையொன்றில் கணக்கு எழுதுகிறேன். கணினியில் குமுளி வியாபாரிக்குப் பில் போடும்போது, மாநிலக் குறியீட்டில் கேரளத்துக்குரிய 32 இருக்க வேண்டிய இடத்தில் நம்முடைய 33 விழுந்துவிட்டால், வெளிமாநில விற்பனைக்கான 5 சதவீத ஐஜிஎஸ்டி வரி வராமல், உள்மாநில விற்பனைபோல மத்திய, மாநில வரிகளாக இரண்டரை இரண்டரையாகப் பிரிந்து நிற்கும். அண்மையில் இதைத் திருத்த வழி தேடி உதவிக்கான எஃப்1 விசையை அழுத்தினேன். திறந்தது பிரவுசர்; மலையில் மழை என்பதால் இணையம் இல்லை. வாசலில் மூட்டை ஏற்றிய ஜீப் காத்திருக்க, நான் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மென்பொருளில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதை உரிய விளக்கப் பக்கத்தோடு இணைத்துவிட்டால், கர்சர் நிற்கும் கட்டத்துக்கான உதவியே நேராகத் திறக்கும். இது புதிய வித்தையன்று. 1990-களிலேயே விண்டோஸ் மென்பொருள்களில் இருந்ததுதான். 1997-இல் வந்த சிஎச்எம் என்ற விண்டோஸ் உதவிக் கோப்பு, பொருளடக்கம், சொல்லடைவு, தேடல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடக்கியது. ஆனால் அதன் பொருளடக்கம் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டு முறையை முழுமையாக ஏற்காததால் தமிழுக்கு அது உதவாது. உதவியைச் சாதாரண எச்டிஎம்எல் பக்கங்களாக, அதாவது பிரவுசரில் திறக்கும் பக்கங்களாக எழுதி, மென்பொருளோடு சேர்த்தே கணினியில் நிறுவினால் போதும்.

உதவிப் பக்கங்களை இணையத்தில் வைத்தால் அவ்வப்போது திருத்தலாம் என்பது நியாயமே. அதற்காகக் கணினியில் ஒரு பிரதி வைக்கக் கூடாதா? எல்லைக் கடைகளுக்கு விற்கும் நிறுவனங்கள் அதைத் தமிழிலும் மலையாளத்திலும் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கடைக் கணக்கர் ஒருவர்,
கம்பம், தேனி மாவட்டம்.