பகடையாட்டக் குழுவின் செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஆட்டங்கள் தடையின்றி நடந்தன. கணக்கைப் பொருளாளர் படிப்பார். காணாமல்போன பகடைகளைப் பற்றிப் பேசி இனிப் பயனில்லை. எனவே, ஆண்டு முழுவதும் பேசப்பட்ட விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்: நம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கதையாட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆடும் ‘சிட்டு’ என்ற ஹாஃப்லிங் (குள்ள இனத்தவள்) மந்திரக்காரி.

ஹாஃப்லிங்குக்கு மந்திரம் எதற்கு என்று மூத்த உறுப்பினர் ஒருவர் தொடக்கத்திலேயே ஆட்சேபித்தார். அவர் சொன்னதில் வரலாறு உண்டு. 1974-இல் வெளியான முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளில் ஹாஃப்லிங் போர்வீரனாக மட்டுமே இருக்க முடியும். அதுவும் நான்காம் நிலையோடு சரி. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லா வகுப்புகளையும் (போர்வீரன், மந்திரக்காரர் போன்ற தொழில்களை) எல்லா இனங்களுக்கும் திறந்துவிட்டது. நாம் ஆடுவதோ 2014-ஆம் ஆண்டின் ஐந்தாம் பதிப்பு. ஆட்சேபணை தள்ளுபடியானது.

சிட்டு ஹாஃப்லிங்குகளில் லைட்ஃபுட் வகை; காட்டு மந்திரம், அதாவது சில சமயம் கட்டுமீறிப் பொங்கும் மந்திரம் கொண்ட சோர்சரர் (மந்திரக்காரி). தன்னைவிடப் பெரிய தோழன் முதுகுக்குப் பின்னால்கூட ஒளிந்துகொள்ள முயலலாம். இருபது பக்கப் பகடையில் 1 விழுந்தால் மறுபடி உருட்டும் அதிர்ஷ்டமும் உண்டு. ஆனால் அது அவள் கைப் பகடைக்குத்தான். எதிரி தாக்குப்பிடிக்க உருட்டும் மந்திரங்களில் அது உதவாது. ஆகவே அவளாகக் குறிபார்த்து எறியும் மந்திரங்களே அவளுக்கு லாபம். இதைப் புதிய உறுப்பினர்கள் குறித்துக்கொள்ளவும்.

குகை ஆட்டத்தில் அவள் குரோமாட்டிக் ஆர்ப் என்ற குறிபார்த்து எறியும் மந்திரத்தை எறிந்தபோது விழுந்தது 1. மறுபடி உருட்டினாள், 19. கோப்ளின் தலைவன் சாய்ந்தான். கைதட்டல் அடங்குவதற்குள் ஆட்ட நடத்துநர் காட்டு மந்திரப் பகடையை உருட்டச் சொன்னார். அதிலும் 1; அப்படி விழுந்தால் மந்திரம் கட்டுமீறிப் பொங்கும். சிட்டுவை ஆடும் உறுப்பினர் சிரித்துக்கொண்டே பகடையை மறுபடி எடுத்தார். “கீழே வையுங்கள்” என்றார் நடத்துநர்.

அன்றைய ஆட்டம் அதோடு நின்றது. சண்டை மட்டும் தொடர்ந்தது. விதிநூல் தெளிவாகவே இருக்கிறது: தாக்குதல், திறன் சோதனை, தற்காப்புச் சோதனை ஆகிய மூன்றுக்கே அந்த அதிர்ஷ்டம். காட்டு மந்திரப் பகடை இவற்றில் எதுவும் இல்லை. செயற்குழு நடத்துநர் பக்கமே தீர்ப்பளித்தது. பொங்கிய மந்திரத்தால் சிட்டு அடுத்துத் தன் முறை வரும்வரை தொட்டிச் செடியாக நின்றாள். செடிக்கு எந்த அடியும் இரட்டிப்பு வலி என்பதால், தோழர்கள் தொட்டியைச் சுற்றி நின்று காத்தார்கள். இந்த ஆண்டின் சிறந்த ஒற்றுமை அதுதான் என்பது என் கருத்து, தலைவர் மாறுபடுகிறார்.

2024 விதிநூலுக்கு மாறலாமா என்பதை இன்று பொதுக்குழு தீர்மானிக்க வேண்டும். அதில் ஹாஃப்லிங்கின் வேகம் 25 அடியிலிருந்து 30 அடியாகிறது. காட்டு மந்திரம் பொங்குவது 1 விழுந்தால் அல்ல, 20 விழுந்தால். எனவே பழைய சண்டைக்கே இடமில்லை. சிட்டுவின் உரிமையாளர் மாற்றத்தை எதிர்த்து எழுத்துமூலம் மனு கொடுத்திருக்கிறார். வாக்கெடுப்புக்கு முன் அது வாசிக்கப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்