மொன்ற்போர்ட் குடும்பமும் முறை தவறிய உறவுச் சொற்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில், 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துப் பிரபு சைமன் டி மொன்ற்போர்ட் பற்றி வந்த கட்டுரை, 1265 ஜனவரியில் அவர் கூட்டிய நாடாளுமன்றத்தைச் சரியாக விளக்கியது. பக்கத்தில் இருந்த வம்ச அட்டவணையில்தான் பிழைகள். மாணவர்கள் வெட்டி ஒட்டி வைக்கும் பக்கம் என்பதால் எழுதுகிறோம்.

இரண்டு சைமன்கள் அதில் ஒருவராகிவிட்டார்கள். 1218இல் துலூஸ் முற்றுகையில் கல் பட்டு இறந்தவர் தந்தை. மூன்றாம் ஹென்றி மன்னரை 1264இல் லூயிஸில் சிறைப்பிடித்து, 1265 ஆகஸ்ட் 4இல் ஈவ்ஷாமில் கொல்லப்பட்டவர் மகன். அவருக்கும் சைமன் என்றொரு மகன் உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் கீழே இறந்த ஆண்டைப் போட்ட பிறகுதான் கோடு இழுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு தலைமுறை காணாமல் போகும்.

தந்தை வழி மட்டும் காட்டியதால், பிரான்சுக் குடும்பமொன்றுக்கு இங்கிலாந்தின் லெஸ்டர் பிரபுப் பட்டம் எப்படி வந்தது என்பதும் தெரியவில்லை. அது ஈவ்ஷாமில் இறந்த சைமனின் அப்பம்மா அமிசியா வழி வந்தது. அவருடைய சகோதரன், லெஸ்டர் பிரபுவாயிருந்த ரொபர்ட் 1204இல் பிள்ளையில்லாமல் இறக்க, சொத்து இரு சகோதரிகளுக்கும் உரியதாயிற்று. மற்றவர் மார்கரெட், சேயர் டி குவின்சியின் மனைவி. சீதனக் காணிக்கு உறுதி பார்ப்பவர்களுக்கு இது உடனே விளங்கும்: பெண்ணின் பெயரை விட்டால் உரிமை தொடராது.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, ஆங்கிலத்தின் ‘கசின்’ எல்லாவற்றையும் ‘ஒன்றுவிட்ட சகோதரன்’ ஆக்கியது. சைமன் 1238இல் மணந்த எலினோர், மன்னர் ஹென்றியின் உடன்பிறந்த தங்கை. ஆகவே மன்னரும் சைமனும் மச்சான்மார். ஈவ்ஷாமில் சைமனை வென்ற இளவரசர் எட்வர்டுக்கு எலினோர் மாமி, சைமன் மாமா. 1271இல் இத்தாலியின் வித்தேர்போவில், தேவாலயத்துக்குள் வைத்து சைமனின் மகன் கீ வெட்டிக் கொன்ற அல்மெய்ன் ஹென்றி, எலினோரின் சகோதரன் ரிச்சர்டின் மகன். அதாவது கீக்குத் தாய்மாமன் மகன், சொந்த மச்சான். வன்னியில் கலியாணம் பேசினால் முதலில் பார்ப்பது இந்த முறையைத்தான். தமிழில் தனிச்சொல் இருக்கும்போது ஆங்கிலத்தின் பொதுச்சொல்லுக்கு ஏன் இறங்க வேண்டும்?

சைமனின் மகள் எலினோர் வேல்ஸ் இளவரசர் லுவெலினை மணக்கக் கடல்வழி போனபோது பிடித்து, 1278 வரை அடைத்து வைத்தவர், அப்போது மன்னராகிவிட்ட அதே எட்வர்ட். அவரும் இந்த எலினோருக்கு மச்சான் முறையே.

ஈவ்ஷாமோடு வம்சம் அற்றுப்போனது என்ற குறிப்பும் தவறு. கீயின் மகள் அனஸ்தாசியா இத்தாலியின் ஒர்சினி குடும்பத்தில் மணமுடித்தார். அந்தப் பெண்வழியில் வந்தவரே இங்கிலாந்து மன்னர் நான்காம் எட்வர்டின் மனைவி எலிசபெத் வுட்வில். எட்டாம் ஹென்றி அவருடைய பேரன்.

திருத்திய அட்டவணையை, பெண்களின் பெயர்களையும் சேர்த்து, அடுத்த ஞாயிறு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

வரலாற்று ஆசிரியர்கள் சிலர்,
முள்ளியவளை.