எக்ஸ் போட்ட வீடுகள்

சோழவந்தான்

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. பேத்திக்குப் பல் முளைத்த செய்தியைத் தெருவெல்லாம் சொல்லிவிட்டேன். அந்தக் குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் சுகம்.

நீ எழுதியதில் ஒன்று மனசை விட்டுப் போகவே இல்லை. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரச்சொல்லி மருமகளுக்கு இங்கிலாந்து அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்ஸிலிருந்து கடிதம் வந்தது, கைக்குழந்தையோடு அல்லாடியதில் அவள் போகவில்லை, அப்புறம் ஞாபகப்படுத்தி இன்னொரு கடிதம் வந்தது என்று எழுதியிருந்தாய். ஜி.பி. என்கிற குடும்ப டாக்டரிடம் பேர் பதிந்திருந்தால் போதும், 25 வயதிலிருந்து 64 வரை அவர்களே கூப்பிடுகிறார்கள். வராதவளையும் தேடுகிறார்கள், பார். படித்ததும் நாம் கிராம சுகாதார நர்ஸாக இருந்த போலியோ நாட்கள்தான் கண் முன்னால் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை முகாம் முடிந்து மறுநாள் வீடு வீடாகப் போவோமே. எல்லாக் குழந்தைக்கும் சொட்டு மருந்து கொடுத்தாயிற்று என்றால் சுவரில் சாக்பீஸால் ‘பி’. ஒரு குழந்தை விட்டுப்போனாலும் ‘எக்ஸ்’. கொடிக்கால் தெருக் கடைசியில் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு நீயும் நானும் மூன்று தடவை நடந்தோம், ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பெண் நடவு வேலை முடிந்து வர விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையின் வாயில் இரண்டு சொட்டு விட்டு, இடது சுண்டுவிரலில் மை வைத்து, உன் கைக்குட்டையாலேயே எக்ஸை அழித்தாய். 2011 ஜனவரி 13இல் மேற்கு வங்காளத்து ஹவுராவில் ஒரு குழந்தைக்கு இயற்கை வைரஸால் போலியோ வந்ததுதான் நம் நாட்டில் கடைசி. அதை ஒழித்தது எக்ஸ் வீட்டுக்குத் திரும்பத் திரும்ப நடந்த கால்கள்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

சரி, இப்போது ஏன் இதெல்லாம் என்கிறாயா? எதிர் வீட்டு மதினியின் வீட்டுக்காரருக்கு ஆடி மாதம் பக்கவாதம் வந்துவிட்டது. கொத்தனார், 52 வயது. வலது கை விழுந்துவிட்டது. அந்த வீட்டுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டத்தில் மாசாமாசம் மாத்திரை வருகிறது, ஆனால் அது அவருடைய அம்மாவுக்கு. தன்னார்வலர் பெண் பத்து மணிக்கு வந்தால் இவர் ஏழு மணி பஸ்ஸிலேயே மதுரைக்குப் போயிருப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஏதோ முகாமில் பிரஷர் இருக்கிறது என்று சொல்லி மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அந்த மாத்திரை அட்டையை மதினி எடுத்துக் காட்டினார். அம்லோடிபின், நாலே நாலு மாத்திரைதான் உரித்திருந்தது. “தலைசுத்தல்கூட இல்லையே, எதுக்கு மாத்திரை” என்றாராம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கைகொடுத்தது. அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் படுத்த பிறகுதானே அந்த அட்டைக்கு வேலை! இப்போது பிசியோதெரபி சொல்லிக்கொடுக்க வீட்டுக்கே வருகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து சாந்துக் கரண்டியைப் பிடித்துப் பிடித்துப் பார்க்கிறார், விரல் மடங்குவதில்லை. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

2020இல் நம் மாநிலத்தில் எடுத்த கணக்கில், ரத்த அழுத்தம் உள்ள நூறு பேரில் ஏழு பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. அதற்கு அடுத்த வருஷம் ஆகஸ்டில்தான் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பித்தார்கள். நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் பார்ப்பதும் வந்திருக்கிறது. ஆனால் இன்றைக்கு ஒரு வீட்டில், நாளைக்கு ஒரு வீட்டில் என்று சித்தாள் கொத்தனாராகப் போகிறவர்களுக்கு எது வேலை செய்யும் இடம்?

யோசித்துப் பார்த்தேன் செல்வி. நம் கையில் ஐயாயிரம் ஜனம் இருந்தது. கர்ப்பிணி யார், எத்தனையாவது மாசம், எந்தப் பிள்ளைக்குத் தட்டம்மை ஊசி பாக்கி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். ஆம்பிளைகள் எங்கே இருந்தார்கள்? தகுதியுள்ள தம்பதியர் பதிவேட்டில் ‘கணவர் பெயர்’ என்ற கட்டத்தில். அவ்வளவுதான். நாற்பது தாண்டிய ஆம்பிளையின் உடம்பை யாரும் நமக்குக் கணக்காகக் கொடுக்கவில்லை, நாமும் கேட்கவில்லை. இன்றைக்கு எக்ஸ் போட வேண்டிய வீடு அதுதான்.

அதனால் ஒரு பிரஷர் மெஷின் வாங்கிவிட்டேன். காலை ஆறரைக்கு பஸ் ஸ்டாப் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன். முதல் நாள் நாலு பேர், இப்போது பன்னிரண்டு, பதிமூன்று பேர் கை நீட்டுகிறார்கள். பீடியும் டீயும் பிரஷரைக் கூட்டிக் காட்டும். அப்படி வருகிறவர்களை ‘அப்புறம் வாங்க’ என்றால் பஸ் வந்துவிடுகிறது. அவர்கள் பேரை மட்டும் எழுதிக்கொண்டு மறுநாள் முதல் ஆளாக உட்கார வைக்கிறேன். போன வாரம் ஒருவருக்கு 180க்கு 110. கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பப் பார்த்தாலும் அதேதான். வேலைக்கு விடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நானே கூட்டிப் போனேன். ஒரு நாள் கூலி போச்சே என்று வழியெல்லாம் முணுமுணுத்தார். மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள். நோட்டில் அவர் பேருக்கு எதிரே எக்ஸ் போட்டிருக்கிறேன். இரண்டு மாசம் விடாமல் சாப்பிட்டால்தான் பி.

உன் மகனுக்கு இந்த வருஷம் நாற்பது ஆகிறது இல்லையா? அங்கே 40லிருந்து 74 வரை ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள் என்று படித்தேன். கடிதம் வந்தால் மேஜையில் கிடக்க விடாதே. எப்படிப் பார்க்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று அவனிடம் கேட்டு எனக்கு விவரமாக எழுது. வரும்போது முடிந்தால் பிரஷர் மெஷினுக்குப் பெரிய அளவு கைப்பட்டை ஒன்று வாங்கி வா. மூட்டை தூக்குகிறவர்களின் புஜத்துக்கு என்னிடம் இருப்பது எட்டவில்லை.

பேத்திக்கு முத்தங்கள்.

உன்
வாசுகி